கழுவக் கூடாத சாக்கடை

சித்தேரிமேடு,
பெரம்பலூர் தாலுக்கா,
திருச்சி மாவட்டம்.
24-9-1987, வியாழன்.

தா.பழூரில் இருந்துகொண்டு எங்கள் குடும்பத்தை இன்றளவும் தாங்கி நிற்கும் அண்ணன் கருப்பண்ணன் அவர்களுக்கும், அண்ணி கலியம்மாள் அவர்களுக்கும் தம்பி செல்லப்பன் தரையில் விழுந்து கும்பிட்டு எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், புஷ்பவல்லி, மகள் செங்கமலம், பசு ஒன்று, கன்று ஒன்று எல்லோரும் சுகம். அவ்விடம் உங்கள் பல்வலி, அண்ணியின் இருமல், வயலில் நடவு எல்லாம் எந்த மட்டில் இருக்கின்றன என்று அறிய ஆவல். உங்கள் கார்டுகள் இரண்டும் கிடைத்தன. முதல் கார்டில் ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். இரண்டாவது கார்டில் கேள்வி ஒன்றும் இல்லை, முழுக்கத் திட்டுதான். தபால்காரர் அதைப் படித்துவிட்டுத்தான் கொடுத்தார் என்பது அவர் என்னைப் பார்த்த பரிதாபப் பார்வையிலேயே தெரிந்தது.

அண்ணே, ஏழாம் தேதி திங்கட்கிழமை காலை எட்டு மணியிலிருந்து மத்தியானம் ஒரு மணி வரை நீங்கள் தா.பழூர் பஸ் ஸ்டாப்பில் வெயிலில் நின்றீர்கள். ஆறு மாதம் யூனியன் ஆபீஸுக்கு நடையாய் நடந்து, கும்பிடாத ஆளை எல்லாம் கும்பிட்டு, செங்கமலத்துக்குப் பால்வாடி டீச்சர் வேலையை வாங்கி வைத்தீர்கள். அன்றைக்கு அவள் வந்து கையெழுத்துப் போட்டிருந்தால் வேலை முடிந்தது. வந்து இறங்கிய பஸ்களை எல்லாம் எட்டி எட்டிப் பார்த்தும் பெண் இறங்கவில்லை. இதற்கு நான் உயிரோடு இருந்து என்ன பதில் சொல்வது என்று பதினேழு நாளாக யோசித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். குற்றத்தில் கால் பங்கு செங்கமலத்துடையது. முக்கால் பங்கு என்னுடையது. கடைசிவரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

செங்கமலம் திருச்சியில் கெமிஸ்ட்ரி படித்து முடித்து வந்தாள் அல்லவா? வந்தவள் சும்மா இருக்கவில்லை. நம் தெருக் கோடியில் நிற்கும் சாக்கடையை உங்களுக்குத் தெரியும். சந்தை மேட்டில் வாராவாரம் கட்டும் மாடுகளின் மூத்திரத்தில் தொடங்கி ஊர்க் கழிவெல்லாம் ஓடிவந்து அங்கேதான் தேங்கும். ஊருக்கு வந்த நல்ல சாமான் எதுவும் நம் தெருவை எட்டியதில்லை, இது மட்டும் ஒரு நாள் தவறியதில்லை. அதைச் சுத்தம் செய்யச் சொல்லி நான் பன்னிரண்டு வருஷமாக மனுக் கொடுத்து வருகிறேன். அந்தச் சாக்கடைப் பக்கம் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தால், இவள் மூக்கை விரித்துக்கொண்டு போய் நிற்கிறாள். "அப்பா, என்னமா அம்மோனியா இருக்குப்பா இதுல!" என்கிறாள். நகைக்கடையில் நின்று பேசுகிற குரல்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். மாட்டு மூத்திரம் இரண்டு மூன்று நாள் தேங்கினால் கண்ணைக் கரிக்கும் ஒரு நெடி வரும், அதுதான் அம்மோனியா. அதற்குள் ஹைட்ரஜன் என்ற வாயு அடைபட்டிருக்கிறது. அது நன்றாக எரியும். எரிந்தால் புகை கிடையாது, கரி கிடையாது, மிஞ்சுவது கொஞ்சம் தண்ணீர் ஆவி. நல்ல தண்ணீரிலும் ஹைட்ரஜன் உண்டுதான். ஆனால் நல்ல தண்ணீர் அதை லேசில் விடாது, மின்சாரத்தைக் கூடுதலாகக் கேட்கும். சாக்கடை அவ்வளவு பிகு பண்ணுவதில்லை. டார்ச் லைட்டில் போடும் பேட்டரிக் கட்டை ஒன்றே ஒன்று போதும், கொடுத்துவிடும். இதற்காக அவளுடைய பேராசிரியை சுண்டுவிரல் நகம் அளவில் இரண்டு பிளாட்டினம் தகடுகளை இரவல் தந்திருந்தார். சாக்கடைத் தண்ணீரை வடிகட்டி, கொஞ்சம் காஸ்டிக் சோடா போட்டு, தகடுகளை முக்கி, கட்டையை இணைத்தால் ஒரு தகட்டில் குமிழ் குமிழாக வரும். அதை டெஸ்ட் டியூபில் பிடித்துத் தீக்குச்சி காட்டினால் 'டப்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்காக அவள் ஆனி, ஆடி இரண்டு மாதம் சாக்கடையும் வீடுமாக நடந்தாள்.

புஷ்பவல்லி என் உயிரை எடுத்துவிட்டாள். "ஏங்க, பக்கத்து வூட்டுப் பொண்ணு படிச்சுட்டு வந்து டைப்பு அடிக்குது. நம்ம பொண்ணு சாக்கடையைக் கொண்டாந்து சமையக்கட்டுல வெச்சுகிட்டு வேடிக்கை பாக்குதுங்க. நாளைக்கு யாராச்சும் வூட்டுக்கு வந்தா நான் என்னத்தைச் சொல்றது?" என்று காலையும் மாலையும் கேட்டாள். நானும் அவளோடு சேர்ந்து தலையை ஆட்டினேன். ஆனால் முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டபோது, இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூட லேப்பில் பீக்கர் கழுவி ரிட்டயர் ஆன எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, அண்ணே. நான் கழுவிய டியூபில் அதுவரை மற்றவர்கள் பிள்ளைகள்தான் சோதனை செய்தார்கள்.

இது இப்படி இருக்க, மெட்ராஸில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் உதவியாளர் இடம் ஒன்று காலி என்று பேப்பரில் பார்த்து, எனக்குக்கூடச் சொல்லாமல் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். கூடவே சாக்கடைச் சங்கதியை எட்டுப் பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறாள். அங்கிருந்து நடராசன் என்ற விஞ்ஞானி பதில் எழுதினார். எழுதியது உண்மையா என்று நேரில் பார்க்க வேண்டும், பார்த்து நம்பிக்கை வந்தால்தான் அந்த இடம், தான் ஏழாம் தேதி காலை அரியலூரில் ரயில் இறங்கிப் பஸ்ஸில் வருகிறேன், மூன்று மணி பஸ்ஸுக்குத் திரும்பியாக வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தார். நீங்கள் சொன்னதும் அதே ஏழாம் தேதி. நான் என்ன நினைத்தேன் என்றால், பதினொரு மணிக்கு இவரிடம் 'டப்' காட்டிவிட்டுப் பன்னிரண்டு மணி பஸ்ஸில் செங்கமலத்தைத் தா.பழூருக்கு ஏற்றிவிடலாம், எது கிடைத்தாலும் லாபம், இரண்டும் கிடைத்தால் பிறகு யோசிக்கலாம் என்று நினைத்தேன். உங்களிடம் முன்கூட்டியே சொல்லப் பயம். அது என் முதல் குற்றம்.

இரண்டாவது குற்றம் டீக்கடையில் நடந்தது. பெருமை தாங்கவில்லை எனக்கு. நம் பஞ்சாயத்துத் தலைவர் சின்னதுரை அங்கே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "தலைவரே, நம்ம தெருச் சாக்கடையைப் பாக்க மெட்ராஸ்லேர்ந்து பெரிய ஆபீசர் வராருங்க" என்றேன். அவர் பேப்பரை மடித்தார். "எந்தச் சாக்கடை?" என்றார். நான் மகளின் ஆராய்ச்சியை விளக்கமாகச் சொன்னேன். அவர் கேட்டது மாதிரித் தெரியவில்லை. "என்னத்துக்கு வந்தா என்ன, ஆபீசர் ஆபீசர்தான். வரட்டும், வரட்டும். பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் எட்டு ஆட்கள், மண்வெட்டி, கூடை, ஒரு கட்டை வண்டி, டிராக்டரில் ஒரு டேங்க் தண்ணீர் எல்லாம் நம் தெருவுக்கு வந்து இறங்கின. பன்னிரண்டு வருஷ மனுவுக்குப் பதில் அன்றைக்கு வந்தது. காலையில் இருந்து அள்ளி அள்ளி வண்டியில் ஏற்றினார்கள். அள்ளி முடித்ததும் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். அதற்கு மேல் பிளீச்சிங் பவுடர். அதற்கு இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோடு. செங்கமலம் ஊரில் இல்லை. தகடுகளைப் பேராசிரியையிடம் காட்டிச் சரிபார்த்து வர சனிக்கிழமையே திருச்சிக்குப் போயிருந்தாள். திங்கட்கிழமை அங்கிருந்தே ரயிலில் அரியலூர் வந்து, ஆபீசரையும் கூட்டிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. தடுக்க வேண்டிய நானாவது தடுத்தேனா? எனக்கு என்ன புத்தியோ, நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி நாலு வாளி தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன், அண்ணே. நம் தெருவில் மண்வெட்டியோடு சர்க்கார் ஆள் நிற்கிற காட்சியைப் பார்த்த சந்தோஷத்தில், அந்த அழுக்குதான் நம் பிள்ளையின் பரீட்சை என்பது ஒரு கணம்கூட மண்டையில் உறைக்கவில்லை. பெண்கள் கரையில் கோலம் போட்டார்கள். புஷ்பவல்லி போட்ட தாமரைதான் பெரியது.

மூன்றாவது குற்றம்தான் பெரிய குற்றம். திங்கள் காலையில் சமையல்கட்டு மூலையில், ஆட்டுக்கல்லுக்குப் பின்னால், ஒரு பெரிய கண்ணாடி பாட்டிலைப் பார்த்தேன். உள்ளே கறுப்பாக என்னமோ. ஆபீசர் வருகிற வீட்டில் இப்படி ஒரு பாட்டிலா என்று எடுத்துக்கொண்டுபோய்க் கொட்டி, சாம்பல் போட்டு, பிரஷ் விட்டு, மூன்று தண்ணீரில் அலசி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒரு சொட்டு நிற்கவில்லை. என் சர்வீஸிலேயே அவ்வளவு சுத்தமாக ஒரு பாட்டிலைக் கழுவியதில்லை. வேலி முளையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து ஆபீசருக்காகக் காத்து நின்றேன்.

பதினொன்றே காலுக்கு வந்தார்கள். நடராசன் சார் ஒல்லியான மனிதர், தோளில் ஒரு ரெக்சின் பை. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கைக்குட்டையை மூக்குக்குத் தயாராக வைத்திருந்தார். தலைவர் மாலை போட்டு எலுமிச்சம்பழம் கொடுத்து ஊர்வலமாகச் சாக்கடைக்குக் கூட்டிவந்தார். ஆபீசர் இரண்டு பக்கமும் பார்த்தார். கைக்குட்டையைப் பையில் வைத்துக்கொண்டார். "சாக்கடை எங்கம்மா?" என்று செங்கமலத்தைக் கேட்டார். தலைவர் முந்திக்கொண்டு, "இதுதாங்க ஐயா. இன்னைக்கு நேத்து இல்ல, எப்பவுமே இப்படித்தான் வெச்சிருப்போம்" என்றார். செங்கமலம் கோலத்தைப் பார்த்தாள், சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். என் கால் விரலில் இருந்த சுண்ணாம்பையும் பார்த்தாள்.

இருந்தாலும் விடவில்லை அவள். அந்தத் தண்ணீரையே எடுத்துச் சோதனை வைத்தாள். தகடு இரண்டும் வெறுமனே நின்றன. ஒரு குமிழ் இல்லை. ஆபீசர் குனிந்து மோந்து பார்த்து, "பிளீச்சிங் பவுடர் போட்டுட்டாங்கம்மா. கொஞ்ச நஞ்சம் இருந்த அம்மோனியாவையும் அது தின்னுருக்கும். இதுல என்ன வரும்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. செங்கமலம், "சார், ஒரு பாட்டில் முன்னாடியே எடுத்து வெச்சிருக்கேன். அப்பா, ஆட்டுக்கல்லு பின்னால இருக்கும், எடுத்துட்டு வாங்க" என்றாள். நான் வேலி முளையில் இருந்து எடுத்து வந்து கொடுத்தேன். அவள் வாங்கிப் பார்த்தாள். அழவில்லை, கத்தவில்லை. "நல்லாக் கழுவியிருக்கீங்கப்பா" என்றாள். அண்ணே, நீங்கள் இரண்டு கார்டில் எழுதிய அத்தனையையும் ஒன்றாகச் சேர்த்தாலும் அந்த ஒரு வார்த்தைக்கு ஈடாகாது.

மணி பன்னிரண்டு. தா.பழூர் பஸ் என் கண் முன்னாலேயே போனது. நீங்கள் அங்கே நிற்பது நினைவுக்கு வந்தது. ஆனால் பெண்ணை அந்த நிலையில் பஸ்ஸில் ஏற்றிவிட்டால் அவள் ஆயுசுக்கும் என் முகத்தைப் பார்க்க மாட்டாள் என்று பட்டது. ஆபீசரைத் தலைவர் பஞ்சாயத்து ஆபீஸுக்குச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார். நான் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு நாற்றத் தண்ணீர் தேடிப் புறப்பட்டேன்.

கேட்டால் சிரிப்பீர்கள். அன்றைக்கு ஊரில் நாற்றமே கிடையாது. ஆபீசர் வருகிறார் என்று அவரவர் மாட்டுக் கொட்டகையையும் அவரவர் கழுவி வைத்துவிட்டார்கள். ஆண்டாயி வீட்டு வாசலில் போய், "ஆண்டாயி, ஒங்க மாட்டுக் கொட்டாயில நாத்தத் தண்ணி கொஞ்சம் கெடைக்குமா?" என்று கேட்டேன். அவள் முந்தானையை வரிந்து கட்டிக்கொண்டு, "என் கொட்டாயி நாறுதுன்னு எந்தக் கட்டையில போறவன் சொன்னான்? வாய்யா, வந்து மோந்து பாரு!" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். போய் மோந்து பார்த்தேன். சாம்பிராணி போட்டிருந்தாள். அடுத்து வேம்பு வீடு. அவன் நல்லவன். "மாமா, பழசு இல்ல. இருங்க, காளை இப்ப ஊத்திரும்" என்றான். நான் காளையின் வயிற்றுக்குக் கீழே வாளியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். வேம்பு அதற்குத் தண்ணீர் காட்டினான், தட்டிக் கொடுத்தான், கெஞ்சினான். ஒருவழியாக அது மனது வைத்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினால், செங்கமலம் எட்டிப் பார்த்துவிட்டு, "புதுசு ஆகாதுப்பா. ரெண்டு நாள் ஊறுனாத்தான் அம்மோனியா வரும்" என்றாள். நான் நின்ற அரை மணி நேரத்தில் காளை என் வேட்டியில் பாதியை மென்றிருந்தது.

மணி ஒன்றரை. தெருமுனையில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அப்போது ஞாயிற்றுக்கிழமை அள்ளிய எட்டு ஆட்களில் ஒருவனான நம் தெருத் தர்மன் அந்தப் பக்கம் வந்தான். அவனைப் பார்த்ததும்தான் எனக்குப் பொறி தட்டியது. வண்டி வண்டியாக அள்ளினார்களே, அதெல்லாம் எங்கே போயிற்று? கேட்டேன். அவன் நாலு பக்கமும் பார்த்தான். "அண்ணே, ஆபீசர் கண்ணுல படாத எடமாப் பாத்துக் கொட்டச் சொன்னாரு தலைவரு" என்றான். "எங்கடா கொட்டுனீங்க?" "பஞ்சாயத்து ஆபீசுக்குப் பொறத்தால, மதில் ஓரம் பள்ளத்துல. நான் சொன்னேன்னு சொல்லிப்புடாதீங்கண்ணே" என்றான். அந்த ஆபீஸின் முன் அறையில்தான் ஆபீசர் அந்த நேரம் வடை பாயசத்தோடு உட்கார்ந்திருந்தார்.

நானும் செங்கமலமும் போனோம். மத்தியான வெயிலில் பின்பக்க ஜன்னல், கதவு எல்லாம் இறுக்கிச் சாத்தியிருந்தது. கட்டுக் கட்டாக ஊதுபத்தி. தலைவர் விசிறியோடு நின்றார். "தலைவரே, கொல்லைக் கதவைத் தொறக்கணுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் வாளி கையில் இருந்து நழுவப் பார்த்தது. "அங்க ஒண்ணும் இல்ல செல்லப்பா. ஒடஞ்ச நாற்காலி கெடக்கு. நீ போயிட்டுப் பொறவு வா" என்றார். அண்ணே, உங்களுக்குத் தெரியாததா? நீங்கள் பண்ணையில் ஏர் ஓட்டியபோது யார் என்ன சொன்னாலும் "சரிங்க" என்று குனிந்துதான் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினீர்கள். அந்தச் "சரிங்க" என் நாக்கிலும் ஒட்டிக்கொண்டது. ஐம்பத்தொன்பது வயதில் அன்றைக்கும் அதுதான் முதலில் வாய் வரைக்கும் வந்தது. பக்கத்தில் செங்கமலம் அந்தக் கழுவிய பாட்டிலை இன்னும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "இல்லீங்க தலைவரே" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "எங்க தெருச் சாக்கடை அங்கதான் இருக்கு. அது எங்களுக்கு வேணும்."

ஆபீசர் பாயசத்தை வைத்துவிட்டு எழுந்து கையைக் கழுவினார். தாமே போய்த் தாழ்ப்பாளை நீக்கினார். அடித்தது பாருங்கள் ஒரு நெடி! இலையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து வாசலுக்கு ஓடினார்கள். ஆபீசர் முகம் மட்டும் மலர்ந்துவிட்டது. "இதும்மா, இது!" என்று செங்கமலத்தைப் பார்த்துச் சொன்னார். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பள்ளத்தில் இறங்கிவிட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. நெடியாலா, அழுகையாலா என்று இன்றுவரை தெரியவில்லை.

சாம்பார் வாளியை நகர்த்திவிட்டு அதே மேஜையில் சோதனை நடந்தது. முதலில் பம்புத் தண்ணீரில் வைத்துக் காட்டினாள், ஒன்றும் வரவில்லை. அதே தகடு, அதே பேட்டரிக் கட்டை, அதே காஸ்டிக் சோடா. பள்ளத்துத் தண்ணீரை என் துண்டில் வடிகட்டி வைத்தாள். சின்னச் சின்னதாகக் குமிழ் வந்தது. டியூப் நிறைவதற்குள் மூன்று மணி பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. தர்மன் ஓடிப்போய்ச் சங்கதியைச் சொல்லிக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னான். டிரைவரும் கண்டக்டரும் இறங்கி வந்து ஜன்னலில் நின்றார்கள், பின்னாலேயே பஸ்ஸில் இருந்தவர்களும். தலைவர், "வெடிக்குமா?" என்று கேட்டுக்கொண்டே பீரோவுக்குப் பின்னால் போனார். செங்கமலம் தீக்குச்சியைக் கிழித்தாள். டப்! சுண்டைக்காய் அளவு சத்தம்தான். ஆனால் பஸ் ஜனம் முழுவதும் கை தட்டியது.

ஆபீசர் உடனே ஒன்றும் சொல்லிவிடவில்லை. "எவ்வளவு நேரம் இப்படி வரும்?" என்று கேட்டார். "முக்கால் மணி நேரம் சார். அப்பறம் நின்னுரும்." "ஏன்?" என்றார். நான் அவள் பின்னால் நின்று ஏதாவது சொல்லு, சொல்லு என்று மனதுக்குள் அடித்துக்கொள்கிறேன். அவள், "தெரியலைங்க சார். தகட்டுல என்னமோ படியுது. எடுத்துச் சுத்தம் பண்ணி வெச்சா மறுபடி வருது. என்ன படியுதுன்னு கண்டுபிடிக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றாள். போச்சு என்று நினைத்தேன். ஆபீசர் நோட்டில் இரண்டு வரி எழுதிக்கொண்டு, "எங்களுக்கும் முழுசாத் தெரியலம்மா" என்றார். கண்டக்டர் ஜன்னல் வழியாக, "சார், இதுல பஸ் ஓடுமா?" என்று கேட்டார். "இப்ப ஓடாது. ரொம்ப நாள் ஆகும்" என்று சிரித்தார். முடிவைத் தபாலில் சொல்வதாகச் சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

அதன் பிறகு பதினேழு நாள் ஆயிற்று, தபால் இல்லை. தலைவர், "விஞ்ஞானத்துக்கு ஒதவும்னுதான் நான் பத்திரமா எடுத்துப் பின்னால வெச்சேன்" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிகிறார். செங்கமலம் தபால்காரர் மணி கேட்டால் முதலில் வாசலுக்கு ஓடினாள், பிறகு நடந்தாள், இந்த வாரம் எழுந்திருப்பதையே விட்டுவிட்டாள். நேற்று அவளாகவே, "பெரியப்பா சொன்ன வேலைக்கே போறேன்பா" என்றாள். உங்கள் இரண்டாவது கார்டின் ஓரத்தில், யூனியன் ஆபீஸில் இருபத்தெட்டாம் தேதி வரை பொறுப்பார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அந்த ஒரு வரிக்காக உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன். டிரங்குப் பெட்டியில் துணி வைத்தாயிற்று. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் நானே அவளைக் கூட்டிக்கொண்டு வந்து உங்கள் கண் முன்னால் கையெழுத்துப் போட வைக்கிறேன். இனி விஞ்ஞானம் என்ற பேச்சே நம் வீட்டில் எழாது. பிளாட்டினம் தகடுகளைத் திருப்பி அனுப்பிவிட்டோம். இது சத்தியம்.

அண்ணியின் இருமலுக்குத் துளசியும் மிளகும் புஷ்பவல்லி கட்டி வைத்திருக்கிறாள், கொண்டுவருகிறோம். பெரியவர்கள் ஆசீர்வாதம் செங்கமலத்தின் தலைமேல் என்றும் இருக்க வேண்டும். உங்கள் வயல் விளைந்து, மாடு கன்று பெருகி, வீட்டில் அனைவரும் நோய் நொடி இல்லாமல் இருக்க நம் குலசாமியை வேண்டுகிறோம். பிழை பொறுத்து, திங்கட்கிழமை பஸ் ஸ்டாப்பில் என்னை அடிக்காமல் விடவும்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லைத் தட்டாத தம்பி,
செல்லப்பன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்க உள்ளே போனேன். அதற்குள் தபால்காரர் வந்துவிட்டார். ரிஜிஸ்டர் தபால். செங்கமலம் கையெழுத்துப் போட்டு வாங்கி வாசலிலேயே பிரித்தாள். அண்ணே, இடம் அவளுக்குத்தான்! அக்டோபர் ஒன்றாம் தேதி மெட்ராஸில் சேர வேண்டும். அடியில் நடராசன் சார் தம் கையால், "தெரியாததைத் தெரியாது என்று சொன்னதற்காகவே தேர்ந்தெடுத்தோம். வரும்போது அந்தப் பள்ளத்துத் தண்ணீர் பத்து லிட்டர் கொண்டு வரவும்" என்று எழுதியிருக்கிறார். ஆகவே மேலே நான் செய்த சத்தியத்தை அழித்துப் படிக்கவும். திங்கட்கிழமை வர மாட்டோம். முப்பதாம் தேதி புதன்கிழமை நீங்களும் அண்ணியும் அரியலூர் ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள். ரயிலில் அவளைக் கைப்பிடித்து ஏற்றிவிட வேண்டியது நீங்கள்தான், நான் தண்ணீர் கேனைப் பிடித்துக்கொள்கிறேன். யூனியன் ஆபீஸில் என்ன சொல்வது என்று கோபப்படாதீர்கள். உங்கள் மகள் கொளஞ்சி பத்தாவது பாஸ் செய்துவிட்டு இரண்டு வருஷமாக வீட்டில் இருக்கிறாள். தம்பி மகள் டிகிரி படித்தவள் என்று அவளைப் பேச்சிலேயே எடுக்காமல் எங்களுக்காக அலைந்தீர்கள். அவள் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. ஆறு மாதம் என் மகளுக்காக நடந்தீர்கள் அண்ணே, திங்கட்கிழமை ஒரே ஒரு நாள் உங்கள் மகளுக்காக நடங்கள்.